கடல் கடந்த கல்வியில் நாங்கள் கண்டவை



இலண்டன் மாநகரில் பயின்று திரும்பிய எங்களை, அங்குக் கண்ட புதுமைகளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். பாலமும் அரண்மனையும் நீங்கள் படங்களில் கண்டவையே. அன்றாட வாழ்வில் எங்களை வியக்க வைத்த சிறு செய்திகளையே சொல்ல விழைகின்றோம்.

டிசம்பர் மாதத்தில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். ஜூன் மாதத்திலோ இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. சுரங்க இரயில் நிலையத்தின் நகரும் படிகளில் நிற்பவர் வலப்புறம் ஒதுங்கி நிற்க, விரைபவர் இடப்புறமாக ஏறிச் செல்வர். "நலமா?" என்று கேட்பவர் பெரும்பாலும் நீண்ட விடையை எதிர்பார்ப்பதில்லை. இவையெல்லாம் ஒரு திங்களில் பழகிவிடும்.

வகுப்பறை அத்துணை எளிதன்று. அங்குப் பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதே வழக்கம். அதனினும் அரிது, அவர் கருத்தை அவர் முன்னிலையிலேயே மறுத்துரைப்பது. நம்மூரில் அடக்கம் என்று பாராட்டப்படும் மௌனம், பாடத்தைப் படிக்காமல் வந்ததன் அடையாளமாக அங்கே கருதப்படுகிறது. 'எதிர்த்துப் பேசாதே' என்று தலைமுறை தலைமுறையாக அடக்கப்பட்ட நம் நாவு, எழுவதற்குத் தயங்கத்தான் செய்யும். ஆயினும், காரணம் காட்டி மறுப்பவர்க்கே அங்கு மதிப்பு உண்டு.

எங்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்தது மாணவர் விடுதியின் பொதுச் சமையலறை. அங்கே அலமாரியில் கோப்பைகள் அடுக்கப்பட்டிருக்கும். எவரும் எடுத்துப் பருகலாம். பருகியவரே கழுவி வைக்க வேண்டும். இதில் வியப்பென்ன என்று பிறர் கேட்கலாம். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை கண்ட சமுதாயத்தார் கேட்க மாட்டார்கள்! குப்பை அள்ளுவோர் கையுறையும் காலணியும் அணிந்து, இயந்திர வண்டியுடன் வருகின்றனர். அங்கும் அவர்களுக்கு ஊதியம் குறைவுதான். நிறவெறியும் அந்நாட்டை விட்டு அகலவில்லை. ஆனால், இன்ன குடியிற் பிறந்தவரே இத்தொழிலைச் செய்ய வேண்டும் என்னும் விதி அங்கில்லை.

எனினும், சாதி கடல் கடக்காது என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டார் கூடிய விருந்தொன்றில், "சொந்த ஊர் எது?" என்று அன்புடன் தொடங்கிய கேள்வி, "ஊரில் எந்தப் பக்கம்?" என்று நீண்டது. உண்மையைச் சொன்னோம், உரையாடல் அத்துடன் நின்றது. பிரிட்டனின் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க 2013-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் வழிவகுத்தது. 2018-ஆம் ஆண்டு அரசு அதனைக் கைவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றமோ 2023-ஆம் ஆண்டு சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆகவே, போராட்டம் அங்கும் தொடர்கிறது.

இவ்வழியில் நமக்கு முன் நடந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1913-ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916-இல் இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் திரும்ப நேர்ந்தும் சோரவில்லை. 1920-இல் மீண்டும் சென்று, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இலண்டனில் அவர் தங்கிய இல்லம் 2015-ஆம் ஆண்டு முதல் நினைவில்லமாகத் திகழ்கிறது. அங்குச் செல்லும் நம் மாணவர் அதனைக் காணத் தவறலாகாது.

இளைஞர்களே! வெளிநாட்டுக் கல்விக்கென மத்திய அரசின் உதவித்தொகை உண்டு, விண்ணப்பியுங்கள். ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள். கேள்வி கேட்கப் பழகுங்கள். உங்கள் பிறப்பை எவர் கேட்டாலும் தலை நிமிர்ந்து விடை சொல்லுங்கள். திரும்பி வருகையில் பட்டத்துடன் அந்தப் பொதுக் கோப்பையின் வழக்கத்தையும் நம் ஊர்களுக்குக் கொண்டு வாருங்கள் என்று வேண்டி, விடைபெறுகின்றோம்.