அரிசிக்கே அனுமதி கேட்ட கடல்

(ஆவடியில் நடந்த நமது உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டத்துக்கு முன்னாடி ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இலங்கையில ஒரு கஷ்டம்னா நாமளே வசூல் பண்ணி நேரா அனுப்பிடலாமே?" நல்ல மனசு. ஆனால் வழி அவ்வளவு நேரா இல்லை.

2022 நினைவிருக்கா? இலங்கையில் பால் மாவுக்கே வரிசை. 40,000 டன் அரிசி, 500 டன் பால் மாவு, மருந்துகள் தர தமிழ்நாடு தயார். ஆனால் ஒன்றிய அரசின் அனுமதி வேண்டி ஏப்ரல் 29-ல் சட்டமன்றமே தீர்மானம் போட வேண்டியிருந்தது. மே 18-ல்தான் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. ஒரு மாநில அரசுக்கே இந்தக் கதி. ஒரு தொண்டு நிறுவனம் என்ன செய்யும்?

நம்ம ஊர்ல பதிவான அறக்கட்டளை, திரட்டிய பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால், தனி அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு கிடையாது. வெளிநாட்டு நிதி வாங்கினாலோ, 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவே கூடாது.

அப்போ எல்லை தாண்டி வேலை செய்றவங்க எப்படிச் செய்றாங்க? ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைப் பாருங்க. 1983 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்த அகதிகளே 1984-ல் தொடங்கியது. முன்னின்றவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன். பின்னாளில் இலங்கையிலும் தனி அமைப்பாகவே பதிவு செய்து வேலை செய்கிறார்கள். கடலுக்கு இந்தப்பக்கம் ஒண்ணு, அந்தப்பக்கம் ஒண்ணு.

இதுல பெரிய வேலை எது தெரியுமா? அரிசி இல்லை, காகிதம்!

முகாமில் ஒரு குழந்தை பிறக்குது. 1987 ஜூலை 1-க்குப் பிறகு, இந்த மண்ணில் பிறந்தது மட்டுமே இந்தியக் குடியுரிமைக்குப் போதாது. இலங்கைக் குடியுரிமை வேணும்னா சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதியணும். அதுக்கு இங்கே வாங்கிய பிறப்புச் சான்றிதழ் வேணும், பெற்றோரின் இலங்கை ஆவணம் வேணும். அந்த ஆவணம் படகில் வந்தப்பவே தொலைஞ்சிருக்கும். ஊர்ப் பதிவேட்டில் தேடி நகல் எடுக்க அங்கே ஒரு ஆள் வேணும். இரண்டு கரையிலும் ஆள் இருக்கிற அமைப்பால்தான் அது முடியும். இது முடியாத பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் வளருது. ஊர் திரும்பினாலும் அடையாள அட்டைக்கு அலையணும்.

புழல் முகாம் நம்ம ஆவடிக்கு எவ்வளவு தூரம்? செங்குன்றம் பக்கம் போறப்ப எத்தனை தடவை தாண்டியிருப்போம்? உள்ளே போனவங்க எத்தனை பேர்? நானும் ரொம்ப நாள் போனதில்லை, ஒத்துக்கறேன்.

அதனால, தம்பி கேட்டதுக்குப் பதில் இதுதான். உண்டியலைக் கொஞ்சம் தள்ளி வைங்க. பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை, மருத்துவமனைப் பதிவில் பெயர் மாற்றம்னு அலையற குடும்பத்தோட ஒரு நாள் அலுவலகத்துக்குப் போங்க. மனு எழுதிக் கொடுங்க. ரசீது வாங்கிக் கொடுங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் புழல் போறோம். வர்றவங்க கமெண்டில் பெயர் போடுங்க.