பூக்காரம்மாவும் 18 சதவீதமும்

இந்த எபிசோட்ல ஆபீஸ் கதை ஒண்ணும் கிடையாது. வார நாள் முழுக்க கோட் எழுதுறேன், சனிக்கிழமை காலையில கேமராவை மாட்டிக்கிட்டு சென்னையைச் சுத்துறேன். அப்படிச் சுத்தும்போது கண்ணுல மாட்டின சில விஷயங்கள்தான் இன்னிக்கு.

முதல்ல பஸ் போர்டு. 29சி வருது, எல்இடி போர்டுல ஊர் பேர் பளிச்சுனு தெரியுது. ஷட்டர் வேகத்தை 1/1000ல வச்சு ஒரு போட்டோ எடுங்க. பெரும்பாலும் பாதி எழுத்து காணாமப் போயிருக்கும். போர்டு ரிப்பேர் இல்லை. அந்தப் புள்ளி விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை; வரிசை வரிசையாக, படு வேகமாக மாறி மாறி எரிகின்றன. அதையெல்லாம் ஒட்டவச்சு முழு வார்த்தையா காட்டுறது நம்ம கண்ணும் மூளையும். ஷட்டரை 1/50க்கு இறக்கினா எழுத்து வந்துடும், ஆனா ஓடுற பஸ் கலங்கிடும். எது வேணும்னு நாமதான் முடிவு பண்ணணும்.

அடுத்தது நிழல். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கு. அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், மதியம் 12 மணி தாண்டின சில நிமிஷத்துல சூரியன் சரியா உச்சந்தலைக்கு மேல வந்து நிக்கும். நேரா நட்ட கம்பத்துக்கு நிழலே இருக்காது. டெல்லிக்காரங்களுக்கு இந்தக் கொடுப்பினை என்னிக்குமே கிடையாது. அவங்க கடகரேகைக்கு வடக்கே இருக்காங்க.

இதெல்லாம் ஜாலியான விஷயம். ரொம்ப நாளா என்னைக் குடையுற விஷயம் வேற.

கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்க ஒரு மீட்டர் இருக்கு. எதிரே இருக்கிறது யாரு, என்ன கலருன்னு பழைய மீட்டருக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு அனுமானம்: உலகத்தில் எதைப் பார்த்தாலும், சராசரியாக அது நடுத்தரச் சாம்பல் நிறம். தன் மேல விழுற வெளிச்சத்துல சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புற ஒரு சாம்பல். எங்க தொழில் பாஷையில சொன்னா, யாரோ எப்பவோ எழுதி வச்ச டீஃபால்ட் வேல்யூ. வெள்ளை வேட்டி கட்டின நாலு பேரை வெள்ளைச் சுவர் முன்னாடி நிக்க வச்சு எடுத்தா, வேட்டி அழுக்கா வரும். கறுப்பு எருமையை ஃப்ரேம் முழுக்க எடுத்தா, எருமை வெளுத்து வரும்.

எருமை கோவிச்சுக்காது. மனுஷங்க விஷயம் அப்படி இல்லை.

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பூக்காரம்மா. அறுபது வயசுக்கு மேல இருக்கும். நல்ல கறுப்பு, மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி, மடியில ஒரு குவியல் மல்லிப்பூ. பல வாரமா பேசிப் பழக்கம். ஒரு நாள் அவங்களே கேட்டாங்க: "தம்பி, என்னை ஒரு படம் புடிச்சுக் குடு. நான் போன பிறகு மாட்டுறதுக்கு வீட்ல ஒண்ணும் உருப்படியா இல்ல."

முதல்ல போன்ல எடுத்துக் காட்டினேன். போன் முகத்தைக் கண்டுபிடிச்சு, முகத்தை மட்டும் வெளிச்சமாக்கி, சுருக்கத்தை எல்லாம் வழிச்சுத் துடைச்சுடுச்சு. நான் எந்த ஃபில்டரும் போடலை. அந்தம்மா திரையைக் கிட்ட வச்சுப் பார்த்துட்டு, "யாருப்பா இது, பவுடர் போட்டவ?"ன்னு கேட்டாங்க.

பக்கத்துல காய்கறி விக்கிற அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

இந்தப் பிரச்சினை போன் வந்த பிறகு வந்ததில்லை. கலர் ஃபிலிம் காலத்தில், பிரிண்ட் போடும் லேப்களுக்கு கோடாக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அவர் தோல் நிறம் சரியா வந்தா மெஷின் சரியா இருக்குன்னு அர்த்தம். முதல் மாடலோட பேரை வச்சே அந்த அட்டைகளை 'ஷர்லி கார்டு'ன்னு சொன்னாங்க. லோர்னா ராத் என்கிற ஆய்வாளர், கோடாக்கில் வேலை பார்த்தவர்களிடம் பேசி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பழுப்பு நிறங்கள் ஃபிலிமில் ஒழுங்கா வரலைன்னு அழுத்தம் கொடுத்தவங்க யாரு தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும். டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் விளம்பரத்துல வித்தியாசம் தெரியலையாம். மனுஷ முகத்தை விட மேஜை நாற்காலிக்கு மரியாதை. பல நிறப் பெண்கள் சேர்ந்து இருக்கிற அட்டை 1990களில்தான் வந்தது. போன்ல இதைச் சரி பண்ணுறோம்னு கூகுள் 'ரியல் டோன்'னு ஒண்ணை பிக்சல் 6ல கொண்டு வந்தது 2021ல.

பூக்காரம்மாவை மறுபடி கேமராவுல எடுத்தேன். பூக்குவியலை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிட்டு, முகத்தை மட்டும் கிட்டப் போய் எடுக்குறதுன்னு முடிவு. மீட்டர் சொன்னதை விட முக்கால் ஸ்டாப் கம்மி பண்ணினேன். கடைத் தார்ப்பாய்க்குக் கீழே பக்கவாட்டில் வந்த வெளிச்சத்துல அவங்க நெத்தியும் கன்னமும் எண்ணெய் தேய்ச்ச தேக்கு மாதிரி மின்னுச்சு. மூக்குத்தி தனியாத் தெரிஞ்சுது.

லேப்ல அடுத்த சண்டை. அங்க மெஷினே முகத்தை வெளுக்க வைக்கும். "அண்ணா, கரெக்‌ஷன் எதுவும் வேணாம், இருக்கிறபடி போடுங்க"ன்னு சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எல்லாரும் கொஞ்சம் கலரா போடுங்கன்னுதான் கேப்பாங்க. கறுப்பாவே போடச் சொல்ற முதல் ஆளு நீதான் தம்பி. அப்புறம் வந்து திருப்பிப் போடச் சொல்லாத."

அவர் மேல தப்பு சொல்ல முடியாது. கல்யாண ஆல்பத்தைத் திருப்பித் தூக்கிட்டு வந்து கத்துறவங்களை அவர்தான் தினம் சமாளிக்கிறார். பவுடரை நாமளும் கேட்டு வாங்கிக்கிறோம், மெஷின் மட்டும் பூசுறதில்லை.

அதனால ரெண்டு பிரிண்டையும் எடுத்துட்டுப் போனேன், போன்ல எடுத்ததையும் சேர்த்து. எது பிடிக்குதுன்னு அவங்களே சொல்லட்டும்னு. கையில இருந்த பூ ஈரத்தை முந்தானையில் துடைச்சுட்டு ரெண்டையும் வாங்கினாங்க. கேமரா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "எங்கம்மா மாதிரியே இருக்கேன்"னாங்க. அப்புறம் இன்னொண்ணை என்கிட்டயே நீட்டி, "இந்தப் பவுடர்காரியை எம் பையனுக்கு அனுப்பிடு. அவன் வாட்ஸ்அப்ல போட்டுக்குவான்."

அனுப்பிட்டேன். இன்னும் அதுதான் அவரோட டிபி.

அடுத்த சனிக்கிழமை காசிமேடு போறேன், விடியறதுக்கு முன்னாடி. கேமராவுல ஐஸ் தண்ணி தெறிக்காம இருந்தா, அதைப் பத்திப் பேசலாம். பை மக்களே.