உமாராணி கூண்டில் ஏறியபோது



சற்று நேரத்தில் நாம் பார்க்கப்போகும் 'தியாகபூமி' 1939-இல் வந்த படம். வெள்ளைக்கார அரசு தடை போட்ட படம் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னை கெயிட்டி தியேட்டரில் தடியடி நடந்ததையும் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் புகழே படத்தை மறைத்துவிட்டது என்பது என் ஆதங்கம். தேசபக்திப் படம் என்று முத்திரை குத்தினோம். அதற்குள் கொதிக்கிற குடும்பத்தைப் பார்க்காமல் விட்டோம்.

கதை கல்கியுடையது. இயக்கியவர் கே. சுப்பிரமணியம். தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் புயல் நேரத்தில் வீட்டில் இடம் கொடுத்த சம்பு சாஸ்திரியை அக்கிரகாரம் தள்ளிவைக்கிறது. பாபநாசம் சிவன்தான் சாஸ்திரி. மகள் சாவித்திரி, எஸ்.டி. சுப்புலட்சுமி. பட்டணத்து மோகம் தலைக்கேறிய கணவன் ஸ்ரீதரனுக்கு இந்தக் கிராமத்துப் பெண் கௌரவக் குறைச்சல். பிள்ளைத்தாய்ச்சி என்றும் பாராமல் விரட்டுகிறான். அவள் பட்ட பாட்டை நான் சொல்லப்போவதில்லை, நீங்களே பாருங்கள்.

ஆண்டுகள் போகின்றன. பம்பாயில் பெரும் சொத்துக்கு வாரிசாகி, உமாராணியாகத் திரும்பி வருகிறாள் சாவித்திரி. உடனே வந்து நிற்கிறான் ஸ்ரீதரன்! என் மனைவி என்னோடு வாழ வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிறான். நிராதரவாக நின்றவளிடம் அவனுக்கு இல்லாத உரிமை, பங்களாக்காரியிடம் எங்கிருந்து முளைத்தது?

கூண்டில் ஏறிய உமாராணி, சேர்ந்து வாழ முடியாது என்கிறாள். வேண்டுமானால் அவருக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். அழுது கேட்கவில்லை ஐயா, நிமிர்ந்து நின்று சொல்கிறாள்! சினிமாவுக்கு வருமுன் சுப்பிரமணியம் வக்கீலாக இருந்தவர். எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்துத் திருமணச் சட்டம் வந்து விவாகரத்து உரிமை நாடெங்கும் பொதுவானது 1955-இல். அதற்கு 16 ஆண்டுகள் முன்னால் எடுத்த காட்சி இது.

பாட்டுகள் நிறைய, நடை மெதுவாகத்தான் போகும். இளைஞர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோர்ட் காட்சிக்காகவே பொறுக்கலாம்.

ஸ்ரீதரனைப் போல, சேர்ந்து வாழ உத்தரவிடச் சொல்லி வழக்குப் போடும் வழி, இந்துத் திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் இன்றும் இருக்கிறது. வழக்கறிஞர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். படம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பிரிவு நமக்கு இனியும் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முதலில் எழுந்து பேச வேண்டும்.