சக்கரத்தின் நான்கு துளைகள்



ஜொகூரில் ரெங்கம், லாபிஸ், குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் பழைய புரோட்டோன் சாகா காரை இன்றும் காணலாம். 1985ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த வண்டி அது. செம்மண் பாதையில் பல ஆண்டு ஓடியதில் ரிம் துருப்பிடித்திருக்கும். அந்த நேரம் பார்த்து, "மைவி ரிம் நான்கு மலிவாகக் கிடைத்தது" என்று தம்பி வாங்கி வருகிறான். மாட்டிப் பார்த்தால் துளைகள் ஒத்து வரவில்லை. இரண்டுக்கும் நான்கு துளைதானே, பிறகு ஏன்?

எதிரெதிரே உள்ள இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு எவ்வளவு தூரம் என்பதே கணக்கு. பட்டறையில் இதைப் பி.சி.டி. என்பார்கள். பழைய சாகாவில் அது 114.3 மில்லிமீட்டர், அதாவது நாலரை அங்குலம். மைவியிலோ 100 மில்லிமீட்டர். 2008இல் வந்த புதிய சாகாவும் 100தான். ஆகவே "சாகா ரிம்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. கடையிலேயே அளந்து பார்க்கலாம். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து எதிர்த்துளையின் இடது விளிம்பு வரை அடிக்கோலை வைத்தால் அந்த அளவு கிடைத்துவிடும்.

பொருந்தாத ரிம்மைப் பொருத்த மூன்று வழிகளைச் சொல்வார்கள்.

சக்கரம் வந்து அமரும் நடுப்பாகத்தை ஹப் என்கிறோம். அதில் புதிதாகத் துளை போடுவது ஒரு வழி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 114.3இல் 100 போனால் 14.3. அதில் பாதி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். ஸ்டட் என்னும் திருகாணியின் கனமோ 12 மில்லிமீட்டர். பழைய துளைக்கு நேரே 7 மில்லிமீட்டர் தள்ளித் துளைத்தால் இரண்டும் ஒன்றாகி நீள்துளையாகிவிடும். ஸ்டட் அதில் நிற்காது. ஆகவே பழைய துளைகளுக்கு இடையில்தான் துளைக்க வேண்டும். அப்போது சின்ன வட்டில் எட்டுத் துளைகள். பின் சக்கரத்தில் பிரேக் டிரம்மும் உண்டு; அதிலும் அளவு பிசகக் கூடாது. கைத்துளைப்பானால் செய்கிற வேலையா இது? கடைசல் இயந்திரமும் கைதேர்ந்தவரும் வேண்டும். அப்படியும் நமக்கு இதில் மனம் ஒப்பவில்லை.

இன்னொரு வழி, நடுவில் ஓர் அடாப்டர் தட்டு வைப்பது. தட்டை ஹப்பில் முடுக்கி, சக்கரத்தைத் தட்டில் முடுக்குவார்கள். தட்டின் கனத்துக்குச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பேரிங்குக்குச் சுமை கூடும். குடும்பத்தோடு ஏறிக் குழியில் இறங்கினால் டயர் மட்கார்டில் உரசலாம். உள்ளே இருக்கும் நான்கு நட்டு தளர்ந்தாலும் வெளியே தெரியாது.

மூன்றாவது, 100 அளவுள்ள ஹப்பை வேறொரு வண்டியிலிருந்து முழுதாகக் கொண்டுவந்து மாற்றுவது. பேரிங், அச்சின் பல், பிரேக் எல்லாம் ஒத்து வந்தால் இதுவே உறுதியானது. செலவு என்னவோ அதிகம். அந்தப் பணத்தில் 114.3 அளவு ரிம்மே தேடி வாங்கிவிடலாமே என்பதுதான் நம் கருத்து.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்டது. விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்காரர் கேட்கும் கேள்வியும் அதுவாகவே இருக்கும்.

நட்டை எதிரெதிராக முடுக்குங்கள்; வரிசையாக முடுக்கினால் ரிம் கோணலாக அமரும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

பின்பெட்டியில் கிடக்கும் மாற்றுச் சக்கரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இன்னும் பழைய 114.3 அளவு. இரவு நேரம், செம்பனைக் காட்டு நடுவில் டயர் வெடித்து, பிள்ளைகளை இறக்கி நிறுத்தி, ஜேக் வைத்துத் தூக்கிய பிறகுதான் அது தெரியவரும். நான்கு ரிம் வாங்கும்போதே ஐந்தாவதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.