மைக்ரானில் எழுதுங்கள்

அறிமுகவுரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியை அன்பின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, நேரே விஷயத்துக்கு வருகிறேன். பூச்சியியல்காரர்களும் மென்பொருள்காரர்களும் ஒரே அரங்கில் உட்காருவது அடிக்கடி நடப்பதில்லை. ஒரு சிறு வண்டைத் தலை முதல் வால் வரை தெளிவாகப் படமெடுக்க முடியாத சங்கடம்தான் இரு தரப்பையும் இங்கே கூட்டி வைத்திருக்கிறது.

சங்கடத்தின் அளவைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் மேக்ரோ லென்ஸ் பொருத்தி, பூச்சியின் பிம்பம் அதன் இயல்பளவிலேயே சென்சாரில் விழும்படி எஃப் 8-இல் எடுத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். பத்து மடங்கு பெருக்கும் நுண்ணோக்கி லென்ஸை மாட்டினால் அது சில மைக்ரான்தான். அபர்ச்சரைச் சுருக்கினால் ஆழம் கூடுமே என்பீர்கள். கூடும்தான், ஆனால் விளிம்பு விளைவு வந்து படம் முழுவதையும் மங்கடித்துவிடும். அதனால்தான் ஃபோகஸை அடியடியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் சேர்த்து ஒன்றாக்குகிறோம். 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள வண்டை அடிக்கு 5 மைக்ரான் வீதம் நகர்த்தி எடுத்தால் 600 படங்கள். கையால் திருப்பி எடுக்கிறேன் என்பவருக்கு என் வணக்கம்.

இந்த வேலையைத்தான் தொலைவிலிருந்து கேமராவை இயக்கும் மென்பொருள் ஏற்றுக்கொள்கிறது. ஹெலிகான் ரிமோட், விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேம்கன்ட்ரோல், லினக்ஸ்காரர்களின் ஜிஃபோட்டோ2 ஆகியவை உங்களில் பலருக்குப் பழக்கமானவை. யுஎஸ்பி கம்பியில் கேமராவைக் கணினியோடு இணைக்கிறோம். லைவ் வியூவைப் பெரிதாக்கி, உணர்கொம்பின் நுனியில் ஃபோகஸ் விழும் இடத்தைத் தொடக்கம் என்று குறிக்கிறோம். பின்னங்காலின் முனையில் முடிவு. இடையில் எத்தனை அடி, படத்துக்குப் படம் எத்தனை நொடி ஓய்வு என்பதைச் சொல்லிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். அந்த ஓய்வைக் குறைக்காதீர்கள். அதிர்வு அடங்குவதற்கும் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஏறுவதற்கும் அது தேவை. எப்போதும் ஒரே திசையில் நகர்த்துங்கள். திசை மாறினால் லென்ஸுக்குள் இருக்கும் பற்சக்கர இடைவெளி முதல் சில அடிகளை விழுங்கிவிடும்.

இங்கேதான் என் குறை ஆரம்பிக்கிறது. திரையில் ‘5’ என்று நாம் கொடுக்கும் அடிக்கு அலகு கிடையாது. நிக்கானுக்கு ஜிஃபோட்டோ2 ஒரு எண்ணை அனுப்புகிறது. கேனானுக்கோ அருகே மூன்று அளவு, தூரத்துக்கு மூன்று அளவு, அவ்வளவே. அந்த அடி எத்தனை மைக்ரான் என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். அதே லென்ஸிலும் உருப்பெருக்கம் மாறினால் மாறும். ஸ்டாக்‌ஷாட் போன்ற மோட்டார் தண்டவாளம் வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள். அதில் தூரத்தையே கொடுக்கலாம். மற்றவர்கள் கட்டுரையில் ‘அடி அளவு 5’ என்று எழுதினால் வேறொரு ஆய்வகத்தில் அதற்குப் பொருளே இல்லை.

தீர்வுக்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு அளவுகோலை 45 பாகையில் சாய்த்து வைத்து ஒரு படம் எடுங்கள். ஃபோகஸை ஒரே திசையில் 50 அடி நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள். தெளிந்த கோடு அளவுகோலில் எவ்வளவு நகர்ந்ததோ அதை 0.7-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் உங்கள் அடியின் சராசரி நீளம் கிடைத்துவிடும். மாணவர் ஒருவருக்குத் தேநீர் இடைவேளை வேலை.

அடியின் நீளத்தைச் சொல்லிவிட்டால் என்ன மரியாதை கிடைக்கும் என்பதற்குப் புகைப்படக்காரர் லெவன் பிஸ் சாட்சி. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவர் காட்டிய பூச்சிப் படங்கள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான படங்களின் கூட்டு. அடிக்கு 10 மைக்ரான் என்பதை அவர் மறைக்கவில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தேனீ ஆய்வகத்திலோ, சாம் ட்ரோகியின் குழு தேனீக்களைச் சோப்பு நீரில் கழுவி, தலைமுடி உலர்த்தும் கருவியால் காயவைத்துப் படமெடுத்து, எல்லாவற்றையும் பொதுச்சொத்தாகவே விட்டிருக்கிறது. தொலைவிலிருந்து இயக்குவதில் இவற்றையெல்லாம் மிஞ்சும் தூரமும் உண்டு. 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் மாலி கேமரா, பூமியிலிருந்து போகும் கட்டளைப்படி எட்டுப் படங்கள் வரை அங்கேயே சேர்த்து, சேர்ந்த படத்தோடு ஆழ வரைபடத்தையும் அனுப்பிவைக்கும்.

நம்மில் பலரோ சேர்ந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிடுகிறோம். வன்வட்டில் இடமில்லை என்போம். முடிகளை எண்ணி இனம் பிரிக்கும் துறையில் இது ஆபத்து. ஒரு முடியின் மேல் இன்னொன்று குறுக்கிடும் இடத்தில் மென்பொருள் ஒன்றை விழுங்கலாம், ஓரத்தில் ஒளிவட்டம் போடலாம். படங்களைச் சேர்க்கும் ஜெரீன் ஸ்டாக்கர் மென்பொருளின் பிமேக்ஸ் முறை குறுக்கு முடிகளை நன்றாகக் கையாளும், ஆனால் இரைச்சலைக் கூட்டும். டிமேப் முறை நிறத்தைக் காக்கும், குறுக்கு முடியில் தடுமாறும். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க மூலப் படங்கள் இருந்தாக வேண்டும்.

ஆகவே இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். அடியை மைக்ரானில் எழுதுங்கள். லென்ஸ், அபர்ச்சர், சேர்த்த முறை மூன்றையும் படத்தின் கீழேயே குறிப்பிடுங்கள். புதிய இனத்தை விவரிக்கும் மாதிரி என்றால் மூலப் படங்களையும் அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். மாலை அமர்வில் இதைத் தீர்மானமாகவே முன்மொழிய இருக்கிறேன். இப்போது முதல் அமர்வைத் தொடங்கலாம்.