எபிசோட் 37: ட்ரையத்லான் சைக்கிளும் பெண்களுக்கான சேடிலும்

போன எபிசோடுல கடல் நீச்சல் பற்றிப் பேசியிருந்தேன். அதுக்கு வந்த குரல் செய்திகள்ல மூணு பேர் நீச்சலைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூணு பேருமே பெண்கள். "ரொம்ப தூரம் ஓட்டினா கஷ்டமா இருக்கு"ன்னு ஒருத்தங்க. "உட்கார்ற இடத்துல பிரச்சினை"ன்னு இன்னொருத்தங்க. மூணாவது ஆள், "உங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன் அக்கா"ன்னு சொல்லி அதோட நிறுத்திட்டாங்க. புரிஞ்சுதும்மா. இன்னைக்கு முழுக்க அதைத்தான் பேசப்போறேன்.

முதல்ல வார்த்தையைத் தெளிவு பண்ணிக்கலாம். பெண்ணுறுப்புன்னே சொல்லப்போறேன். "அங்க", "கீழே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா எங்கே வலிக்குதுன்னு நமக்கே பிடிபடாது. எங்கே வலிக்குதுன்னு தெரியாம யாராலும் சரியான சேடில் வாங்க முடியாது. பின்னாடி ரெண்டு உட்காரும் எலும்பு மேலயா? முன்னாடி பெண்ணுறுப்பின் வெளி மடிப்புகள்லயா? தொடையிடுக்குல உராய்வா? வலியே இல்லாம மரத்துப்போகுதா? நாலுக்கும் காரணம் வேற, தீர்வும் வேற. கடையில போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொன்னா, ஜெல் வச்ச மெத்தை உறையை எடுத்துக் கொடுப்பாங்க. எனக்கும் அதைத்தான் கொடுத்தாங்க. கூடவே "ஓட்ட ஓட்டப் பழகிடும் மேடம்"னு ஒரு அறிவுரை வேற.

பழகுறது ஒண்ணு இருக்கு, இல்லைன்னு சொல்லலை. புதுசா சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு உட்காரும் எலும்பு இருக்கிற இடத்துல முதல் ரெண்டு மூணு வாரம் கன்றிப்போன மாதிரி வலிக்கும், அப்புறம் போயிடும். அந்த வலி பழகும். மரத்துப்போறது பழகாது. நரம்பும் ரத்த ஓட்டமும் அழுத்தப்படுதுன்னு உடம்பு சொல்ற சேதி அது. அதைத் தாங்கிக்கிறது மன உறுதின்னு நம்ம ஊர்ல நிறைய பேர் நினைக்கிறாங்க. பயிற்சியாளர்கள்லயும் அப்படிச் சிலர் உண்டு.

இதுல ட்ரையத்லானுக்குன்னு தனிச் சிக்கல் என்னன்னு சொல்றேன். சாதாரண ரோடு பைக்கில் ஓரளவு நிமிர்ந்து உட்காருவோம். எடை பெரும்பாலும் பின்னாடி, உட்காரும் எலும்பு மேல விழும். அதனாலதான் கடையில அந்த ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற தூரத்தை அளந்து சேடில் அகலத்தைச் சொல்றாங்க. பெண்களுக்குப் பொதுவா இந்தத் தூரம் கொஞ்சம் அதிகம், அதனால அகலமான சேடில். இது வரைக்கும் கணக்கு சரி. ஆனா ஏரோ பார்ல முழங்கையை ஊன்றிப் படுத்த உடனே இடுப்பு முன்னாடி சாயும். உட்காரும் எலும்பு சேடிலை விட்டு எழும்பிடும். எடை முழுக்க இடுப்பெலும்போட முன்பகுதிக்கும், அதுக்கு நடுவுல இருக்கிற மென்மையான இடத்துக்கும் போகுது. அதாவது நேரா பெண்ணுறுப்பு மேல. கடையில அளந்த அகலம் இங்கே பாதிக்குப் பாதி உதவாது. மெத்தை உறை இன்னும் மோசம். எலும்பு அதுக்குள்ள புதைஞ்சு போகும், நடுவுல இருக்கிற ஜெல் மேலே பிதுங்கும். அழுத்தம் எங்கே இருக்கக்கூடாதோ அங்கேயே சேரும்.

இன்னொண்ணு, ரோடு பைக்கில் அடிக்கடி எழுந்து நிப்போம், நகர்ந்து உட்காருவோம், சிக்னல்ல இறங்குவோம். கோவா 70.3 மாதிரி ஒரு போட்டியில 1.9 கிலோமீட்டர் கடல்ல நீந்திட்டு, ஈரத்தோட ஏறி 90 கிலோமீட்டர் ஓட்டணும். பலருக்கு மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். அவ்வளவு நேரமும் ஒரே நிலையில படுத்திருக்கணும். முடிஞ்சதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிள்ல உரிஞ்ச தோலோட அந்த ஓட்டம் எப்படி இருக்கும்னு ஓடினவங்களுக்குத் தெரியும்.

என் கூட ஈசிஆர்ல பயிற்சி பண்ண ஒரு தோழி இருந்தாங்க. எங்க குழுவுலயே நல்லா ஓட்டுறவங்க. காலையில நாலரைக்குக் கிளம்பி மகாபலிபுரம் வரைக்கும் போய்த் திரும்புவோம். திடீர்னு நீண்ட தூரப் பயிற்சிக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. வீட்டு வேலைன்னாங்க, அப்புறம் ஆபீஸ்னாங்க. ஒரு வருஷம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல பார்த்தப்போதான் காரணம் சொன்னாங்க. ஒரு பக்கம் வீங்கி, சிறுநீர் கழிக்கும்போது எரிஞ்சு, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம சைக்கிளையே வித்துட்டாங்களாம். அவங்க பயிற்சியாளர் ஒரு ஆண். அவர்கிட்ட வாயைத் திறக்க முடியலை. சேடில்னால ஒரு வீராங்கனை போயிட்டாங்கன்னு யாரும் கணக்கு எழுத மாட்டாங்க. "குடும்பப் பொறுப்பு"ன்னு எழுதிப்பாங்க.

இது நம்ம ஊர்க் கூச்சம் மட்டும்னு நினைக்காதீங்க. ஹானா டைன்ஸ்னு பிரிட்டன் பாரா சைக்கிள் வீராங்கனை. 2016 ரியோ பாராலிம்பிக்ல கலந்துக்கிட்டவங்க. சேடில் அழுத்தத்தால வருஷக்கணக்கா வந்த வீக்கத்துக்கு பெண்ணுறுப்பில் அறுவை சிகிச்சை செய்துக்க வேண்டி வந்ததைப் பற்றி 2019-ல கார்டியன் பத்திரிகையில வெளிப்படையா எழுதினாங்க. அதே ரியோ போட்டிக்கு முன்னாடி பிரிட்டன் சைக்கிள் அணியோட மருத்துவக் குழு, பெண்களோட சேடில் புண்ணைத் தனி விஷயமா எடுத்து ஆராய்ஞ்சது. சேடிலை முன்னாடி எவ்வளவு சாய்க்கலாம்ங்கிற விதியைத் தளர்த்தச் சொல்லி சர்வதேச சங்கத்துகிட்ட வாதாடினாங்க. 2016-ல 9 டிகிரி வரைக்கும் அனுமதி கிடைச்சது. உலகத்துலயே வேகமா ஓட்டுற பெண்களுக்கே இது பிரச்சினையா இருந்திருக்குன்னா, உங்களுக்கும் எனக்கும் இருக்கிறதுல என்ன வெட்கம்?

அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போட்டி சைக்கிள் ஓட்டும் 48 பெண்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. ஹேண்டில் பார் சேடிலை விடக் கீழே இருந்தா பெண்ணுறுப்பு மேல அழுத்தம் கூடுது, உணர்ச்சி குறையுதுன்னு அதுல தெரிஞ்சது. அதனால என் அபிப்பிராயம் இதுதான்: சேடில் வாங்குறதுக்கு முன்னாடி ஏரோ பார் பேடுகளை ரெண்டு சென்டிமீட்டர் உயர்த்திப் பாருங்க. அடியில ஸ்பேசர் வச்சா போதும், செலவு சொற்பம். காத்து எதிர்ப்பு கொஞ்சம் கூடும்தான். ஆனா வலி தாங்காம பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து உட்கார்றவங்களுக்கு ஏரோ பைக்கால என்ன லாபம்? சேடில் ரொம்ப உயரமா இருக்கான்னும் பாருங்க. பெடல் அடியில போகும்போது இடுப்பு பக்கவாட்டுல ஆடினா உயரம் அதிகம். ஒரு பக்கம் மட்டும் புண்ணாகுறதுக்குப் பல நேரம் காரணம் இதுதான்.

இப்போ சேடிலுக்கு வர்றேன். ட்ரையத்லானுக்குன்னு வர்றதுல மூணு ரகம் சொல்லலாம். ஒண்ணு, மூக்கே இல்லாம முன்னாடி ரெண்டு கவை மாதிரிப் பிரிஞ்சது. ஐஎஸ்எம் கம்பெனி இதுக்குப் பேர் போனது. எடையை ரெண்டு பக்க எலும்பு வாங்கிக்கும், நடுவுல ஒண்ணுமே படாது. ரெண்டாவது, மூக்கு குட்டையா, நடுவுல பள்ளமோ ஓட்டையோ இருக்கிறது. ஓட்டை எல்லாருக்கும் ஒத்துவராது. சிலருக்கு மடிப்புகள் அந்த ஓட்டைக்குள்ள இறங்கி, ஓரத்துல அழுந்தி வீங்கிடும். அதனால மூணாவது ரகம், ஓட்டைக்குப் பதிலா அந்த இடத்தை மட்டும் ரொம்ப மெதுவான ஃபோம் வச்சு நிரப்பினது. ஸ்பெஷலைஸ்டு கம்பெனி மிமிக்னு ஒண்ணு கொண்டுவந்தது இந்த யோசனையிலதான்.

எது நல்லதுன்னு கேட்டா, பதில் உங்க உடம்புகிட்டதான் இருக்கு. வெளி மடிப்புகளோட அளவும் அமைப்பும் பெண்ணுக்குப் பெண் வேற. என் தங்கச்சிக்குச் சொர்க்கமா இருக்கிற சேடில் எனக்கு அரை மணி நேரம் தாங்காது. மரத்துப்போறதுதான் உங்க பிரச்சினைன்னா கவை ரகத்துல ஆரம்பிங்க. தொடையிடுக்குல உராய்வுதான்னா கவை அகலம் பார்த்து வாங்குங்க. அகலமான கவை சிலருக்கு தொடையை அறுக்கும். நைலான் டை போட்டு ரெண்டு கவையையும் கொஞ்சம் நெருக்கி ஓட்டுறவங்க உண்டு, நானும் அப்படித்தான் ஓட்டுறேன். பார்க்க அசிங்கமா இருக்கும், வேலை செய்யும்.

கவை ரகம் வாங்கினவங்க பாதிப் பேர் ஒரு வாரத்துல கழட்டிப் போடுறாங்க. காரணம், பழைய சேடிலோட நுனி இருந்த இடத்துலயே இதோட நுனியையும் வச்சு மாட்டுறாங்க. இதுல மூக்கே கிடையாதே! இன்னும் சில சென்டிமீட்டர் பின்னாடி தள்ளி மாட்டணும். உட்கார்றதும் நடுவுல இல்லை, நுனியிலதான். முதல் நாள் கீழே வழுக்கி விழுந்துடுவோமோன்னு இருக்கும். உயரத்தையும் திரும்ப அளக்கணும், ஏன்னா ஒவ்வொரு சேடிலோட கனமும் வேற. நுனியை ஒண்ணு ரெண்டு டிகிரி கீழே சாய்ங்க. அதுக்கு மேல சாய்ச்சா முன்னாடி வழுக்கி, தோள்பட்டையும் கையும் எடையைத் தாங்கும். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க, நோட்டுல எழுதி வைங்க.

துணி விஷயம். பேடட் ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடக்கூடாது. இதைச் சொன்னா நம்ம பெண்கள் முகம் சுளிப்பாங்க, தெரியும். ஆனா அந்தத் தையல்தான் சென்னை வெயில்ல, வியர்வையில, தோலை அறுக்கிறது. உராய்வுக்கு கிரீம் தடவுங்க. வீட்டுக்கு வந்த உடனே மாத்திடுங்க, அதே ஷார்ட்ஸோட காபி போடப் போகாதீங்க. போட்டியில போடுற டிரை சூட்ல பேட் ரொம்ப மெல்லிசு. கனமான பேட் போட்டு ஓட்டிப் பார்த்துட்டு "இந்த சேடில் சரி"ன்னு முடிவு பண்ணாதீங்க. டிரை சூட்டை உப்புத் தண்ணியில நனைச்சு, அதோட ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. வேடிக்கையா இருக்கும், ஆனா போட்டியன்னைக்கு நடக்கப்போறது அதுதான்.

சைக்கிளை விட்டு இறங்கின பிறகும் மரத்துப்போனது சரியாகலைன்னா, கட்டியோ ஒரு பக்க வீக்கமோ தெரிஞ்சா, சிறுநீர்ல எரிச்சல் இருந்தா, சேடிலை விடுங்க, மகப்பேறு மருத்துவரைப் பாருங்க. "சைக்கிள் ஓட்டுறேன், இத்தனை மணி நேரம்"னு நீங்களே சொல்லுங்க. அவங்களுக்கு அது தோணாம போகலாம்.

கடைசியா காசு விஷயம். இறக்குமதி சேடில் ஒண்ணு பத்தாயிரத்தைத் தாண்டும். வாங்கி ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிற வசதி இங்கே எளிதில் கிடைக்கிறதில்லை. அதனால எங்க குழுவுல ஒரு பெட்டி வச்சிருக்கோம். ஒத்துவராத சேடிலை அவங்கவங்க அதுல போட்டுடுவாங்க, வேணுங்கிறவங்க ரெண்டு வாரம் எடுத்துட்டுப் போகலாம். இப்போ அஞ்சு சேடில் இருக்கு, ரெண்டு கவை ரகம். போன மாசம் அந்தத் தோழியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சைக்கிளே இல்லையேன்னாங்க. என்னோட பழைய ரோடு பைக்ல மாட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை வர்றேன்னிருக்காங்க.

பெட்டியிலிருந்து உங்களுக்கு வேணும்னா குரல் செய்தி அனுப்புங்க. எங்கே வலிக்குதுன்னு தெளிவா சொல்லுங்க, ஏற்ற சேடிலை எடுத்து வைக்கிறேன்.