ஆட்டமே பெரிது!

(தலைப்பு: விளையாட்டில் பெரிது வெற்றியா? ஆட்டமா?)

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் வெளுத்து வாங்கிவிட்டுப் போனார். "ஜெயிச்சவனைத்தான் உலகம் பேசும், தோத்தவன் பேரு யாருக்குங்க ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார். ஒரு பேரு நான் சொல்றேன். கீசெரிட்ஸ்கி!

1851-ஆம் ஆண்டு லண்டனில் சர்வதேச சதுரங்கப் போட்டி. 16 பேர் மோதினார்கள். பிரெஸ்லாவ் நகரத்திலிருந்து ஆண்டர்சன் என்பவர் வந்தார். அவருக்குத் தொழில் சதுரங்கம் இல்லீங்க. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்! (சிரிப்பு) முதல் சுற்றிலேயே கீசெரிட்ஸ்கியைத் தோற்கடித்தார். கடைசியில் முதல் பரிசும் அவருக்குத்தான்.

ஆனால் அந்தப் பரிசு ஆட்டங்களையா உலகம் கொண்டாடுகிறது? இல்லை. ஜூன் 21-ஆம் தேதி, போட்டிக்கு வெளியே, இதே இருவரும் சும்மா உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடினார்கள். பரிசு கிடையாது, பட்டம் கிடையாது. ஆண்டர்சன் தொடங்கிய முறைக்குக் 'கிங்ஸ் கேம்பிட்' என்று பெயர். இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவுக்குக் காவலாக நிற்கிற சிப்பாயைத் தூக்கி, "இந்தா, எடுத்துக்கோ" என்று கொடுப்பது! வாசக்கதவைத் தொறந்து வச்சிட்டுத் திருடனைக் கூப்பிடுற மாதிரி. மூன்றாவது நகர்த்தலிலேயே எதிராளி ராணியைக் கொண்டுவந்து செக் வைத்தார்.

அப்புறம் ஒரு மந்திரி போனது. ரெண்டு யானையும் போனது. கடைசியில் ராணியையே கொடுத்தார்! எதிராளி இழந்ததோ மூன்றே சிப்பாய். ஆனாலும் 23-ஆவது நகர்த்தலில், மிச்சமிருந்த ரெண்டு குதிரையும் ஒரு மந்திரியும் சேர்ந்து ராஜாவை மடக்கிவிட்டன. (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்த ஆட்டத்தை முதலில் ஊருக்குச் சொன்னது யார் தெரியுமா? தோற்ற கீசெரிட்ஸ்கி! தான் நடத்திய சதுரங்கப் பத்திரிகையில் அதே ஆண்டு தானே அச்சடித்தார். அந்த மனசுக்கு வெற்றியா பெரிசு? ஆட்டம் பெரிசு! 1855-இல் அதற்குச் 'சாகாவரம் பெற்ற ஆட்டம்' என்று பெயரும் வந்துவிட்டது. ஜெயித்தவருக்கு மட்டுமா அந்த வரம்? தோற்றவரும் அதே ஆட்டத்தில்தான் வாழ்கிறார்.

நம்ம வீட்டுப் பிள்ளை விளையாடிவிட்டு வருகிறது. வாசலிலேயே நிறுத்தி, "கப்பு எங்கடா?" என்று கேட்கிறோம். பிள்ளை முகம் தொங்கிப்போகுது. அடுத்த முறை அது ஆடாது, பயப்படும். பயந்தவன் ஒரு சிப்பாயைக்கூடக் கொடுக்கமாட்டான். "உள்ளே வாப்பா, எப்படி ஆடினே, சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். சோறு ஆறிப்போகிற வரைக்கும் பேசும்!

ஆகவே, ஆட்டமே பெரிது என்று நல்லதொரு தீர்ப்பை வேண்டி அமர்கிறேன்.